கடல்மல்லையிலிருந்து கிழக்குக் கரைக்கு எத்தனை நாள்?

கடல்மல்லை எனப்பட்ட மாமல்லபுரத்தின் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். உலக உருண்டையின் மீது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வங்கக்கடலைக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபார் தீவை ஒட்டிச் சென்று, சுமத்திராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணைக்குள் இறங்கும். சென்னை விமான நிலையம் உள்ள திரிசூலத்தில் ஏறும் விமானம் ஏறக்குறைய இந்த வழியில்தான் பறக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. கடல்வழித் தூரமும் இதைவிட அதிகமில்லை: சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,600 கடல் மைல். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தத் தூரம் மாறவில்லை. வழியும் பெரிதாக மாறவில்லை. அதைக் கடக்க ஆன காலமோ ஆண்டுக்கணக்கில் தொடங்கி மணிக்கணக்கில் வந்து நிற்கிறது. கப்பலின் வேகம் கூடியதால் வந்த மாற்றம் இது என்று எண்ணுவது வழக்கம். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள நாள்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அந்தக் காலத்துப் பயணி கடலில் கழித்த நாள்கள் குறைவு. காற்றுக்காகக் கரையில் காத்துக் கிடந்த நாள்களே மிகுதி.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையும் அதன் தெற்குத் தொடர்ச்சியும் ஒரு காலத்தில் காஞ்சியின் கடல்வாசல். வடக்கே கோவளம், நடுவே மாமல்லபுரம், அதன் தெற்கே சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டி வசவசமுத்திரம், இன்னும் தெற்கே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் எனத் துறைகள் வரிசையாக இருந்தன. வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறுகளும் மத்தியதரைக் கடல் பகுதியின் இருகாதுச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தோடு ஆய்வாளர் பலர் இணைக்கின்றனர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறையையும், ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் எரியும் விளக்கையும் சொல்கிறது. திசை தெரியாது ஓடும் கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கு அது. நீர்ப்பெயற்று எந்த ஊர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாமல்லபுரம் என்பாரும் உண்டு, பாலாற்று முகத்துவாரம் என்பாரும் உண்டு. எதுவானாலும் இந்தக் கரையோரத்தில்தான்.

இவற்றில் எதுவும் இன்றைய பொருளில் துறைமுகம் அல்ல. மலை அணைத்த விரிகுடாவோ ஆழமான கழிமுகமோ இங்கே கிடையாது. மணல் மேடும் ஓயாத அலையுமே உண்டு. பெரிய கலங்கள் ஆழநீரில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கும் ஆளும் சிறு படகில்தான் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் இந்த வேலையைச் சென்னையில் துறைமுகம் கட்டும் வரை செய்துவந்தன. ஆணியடித்த விறைப்பான படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது எப்படியோ நடக்கும். வடகிழக்குப் பருவத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், இந்தக் கரையில் நங்கூரமிட்டு நிற்பதே உயிருக்கு ஆபத்து. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைக் கோட்டையில் அக்டோபர் நடுவில் கொடிமரத்தை இறக்கிவிடும் வழக்கம் இருந்தது. அதன் பொருள், இனி கப்பல்கள் இங்கே தங்குவது அவற்றின் சொந்தப் பொறுப்பு என்பது.

எல்லாவற்றையும் தீர்மானித்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக்கடலில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். கரையோர மீனவர் கச்சான் என்பது அந்தப் பக்கத்துக் காற்றை. அது கிழக்கே போகிற கலத்தைத் தள்ளிக்கொண்டு போகும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, கிழக்கே போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரும். இடைப்பட்ட மாதங்களில் காற்று திசை மாறும், ஓயும், புயலாகும். மலாக்கா நீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான்: தென்சீனக் கடலில் வடக்கே ஏறுவதற்கு ஒரு பருவம், தெற்கே இறங்குவதற்கு மறு பருவம். வங்கக்கடலை ஒரு காற்றில் கடந்து நீரிணைக்குள் நுழைகிற கலத்துக்குச் சீனம் போகும் காற்று அப்போதே கிடைத்துவிடுவது அரிது. பருவம் தவறினால் அடுத்த ஆண்டுதான். ஆகவே சீனம் செல்லும் பயணம் இயல்பாகவே இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்தது. துண்டுகளுக்கு நடுவே மாதக்கணக்கான தங்கல்.

இந்தக் கடல்வழியின் மிகப் பழைய நாள்கணக்கு சீனத்திலிருந்து கிடைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய ஹான் வம்ச வரலாற்றின் நிலவியல் பகுதியில் ஹுவாங்சி என்ற நாட்டுக்குப் போகும் வழி சொல்லப்படுகிறது. தென்சீனக் கரையிலிருந்து ஐந்து மாதம் கடலில், பிறகு நான்கு மாதம், பிறகு இருபது நாளுக்கு மேல். அதன்பின் பத்து நாளுக்கு மேல் கால்நடை. மறுபடியும் கப்பலேறி இரண்டு மாதத்துக்கு மேல் சென்றால் ஹுவாங்சி. ஹான் பேரரசின் தூதர்கள் பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் நீலக் கண்ணாடி போன்ற மணிகளும் வாங்கி வந்தனர். அவர்களுக்கென்று தனிக் கப்பல் இல்லை. அயல்நாட்டு வணிகர் கலங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறிப் போனார்கள். மூழ்காமல் தப்பியவர் திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆகும் என்றும் அந்நூல் சேர்த்துச் சொல்கிறது. ஹுவாங்சியைக் காஞ்சி என்று அறிஞர் பலர் கொண்டனர், ஏற்காதவரும் இருக்கின்றனர். அது காஞ்சியே என்றால், இந்தக் கரைக்கும் சீனத்துக்கும் இடையே எழுத்தில் பதிவான முதல் பயண நேரம் இதுதான்: போக ஓராண்டு, வரப் பத்து மாதம். நடுவே வரும் அந்தப் பத்து நாள் கால்நடையைக் கவனிக்க வேண்டும். மலாய்த் தீபகற்பத்தின் ஒடுங்கிய இடுப்பை நடந்தே கடந்திருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது. நீரிணையைச் சுற்றிக்கொண்டு போவதைவிடச் சரக்கைத் தலையில் சுமந்து காட்டைக் கடப்பது மேல் என்று தோன்றியிருக்கிறது என்றால், நீரிணையில் காற்று எவ்வளவு சண்டித்தனம் செய்திருக்க வேண்டும்!

அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் வழிகாட்டி நூல், சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைக் குறிக்கிறது. சோபட்மா என்பது மரக்காணம் என்பது பரவலான கருத்து. கரையோரமாக ஓடும் உள்ளூர்க் கலங்கள் ஒரு வகை. பெரிய மரங்களைக் குடைந்து இணைத்துக் கட்டிய சங்கரா ஒரு வகை. கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட கிழக்குத் தேசத்துக்கும் போகும் மிகப் பெரிய கலங்கள் மற்றொரு வகை என்று அந்நூல் பிரித்துச் சொல்கிறது. கிழக்கே போகும் கடலோட்டம் அப்போதே தனித் தொழிலாக நிலைபெற்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பல்லவர் காலத்துக்கு வரும்போது சீனப் பௌத்தத் துறவிகளின் குறிப்புகள் நாள்கணக்கைத் துல்லியமாக்குகின்றன. அவர்கள் வணிகர் அல்லர்; சரக்கைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. எத்தனை நாள் ஆயிற்று, எங்கே தங்கினோம் என்பதை மட்டும் கவனமாக எழுதினார்கள். முன்னோடி ஃபாசியன். 411இல் இலங்கையிலிருந்து இருநூறு பேருக்கு மேல் ஏறிய வணிகக் கலத்தில் புறப்பட்டார். சில நாளிலேயே புயல், கலத்தில் ஓட்டை, பதின்மூன்று நாள் தத்தளித்து ஒரு தீவில் ஒதுங்கி அடைத்தார்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் ஓடி யபோதி என்று அவர் குறிக்கும் தீவை அடைந்தார். ஜாவா என்றும் போர்னியோ என்றும் அதைச் சொல்வர். அங்கே ஐந்து மாதம் காத்திருப்பு. அடுத்த கலம் ஐம்பது நாளில் குவாங்சோ சேர வேண்டும் என்ற கணக்கில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டது. எழுபது நாள் கடந்தும் கரை தெரியவில்லை. சமையலுக்குக் கடல்நீரைப் பயன்படுத்தி, குடிநீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றி, திசையை மாற்றி ஓடிக் கடைசியில் கரைசேர்ந்த இடம் குவாங்சோவுக்கு வெகுதூரம் வடக்கே, சாண்டோங். ஐம்பது நாள் என்பது அந்தக் காலத்தின் அட்டவணை நேரம் என்றால், தாமதமும் அந்தக் காலத்து அளவில்தான் இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் சுவான்சாங் காஞ்சிக்கு வந்தார். காஞ்சியின் கடற்கரையிலிருந்து சிங்களத்துக்குக் கடல்வழி மூன்று நாள் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்தக் கடற்கரை மாமல்லபுரமாகவே இருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். மாமல்லபுரத்திலிருந்து திருகோணமலை சுமார் 460 கிலோமீட்டர். மூன்று நாள் என்றால் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர். நல்ல காற்றில் பாய்க்கப்பலுக்கு இது எட்டக்கூடிய வேகமே. அவருக்குப் பின் வந்த யிசிங், 671இல் குவாங்சோவில் புறப்பட்டு இருபது நாளுக்குள் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார், அங்கே ஆறு மாதம் தங்கினார், அருகிலுள்ள மலாயுவில் இன்னும் இரண்டு மாதம், பிறகு மலாய்க் கரையிலுள்ள கடாரம். அவர் எழுதிய மற்றொரு துறவி வூசிங்கின் கணக்கு தமிழ்க் கரைக்கு நேரடியாகப் பொருந்துகிறது: கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் ஓடி நாகப்பட்டினம், அங்கிருந்து இரண்டு நாளில் சிங்களம். கடாரத்துக்கும் நாகைக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். முப்பது நாள் என்றால் நாளுக்கு எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. காஞ்சி–சிங்களக் கலத்தின் வேகத்தில் பாதிதான் இது. திறந்த கடலில் காற்று ஓய்ந்து கலம் நின்ற நாள்களும் இந்த முப்பதில் அடக்கம்.

மாமல்லபுரம் புகழின் உச்சியில் இருந்ததும் இந்தக் காலத்தில்தான். முதலாம் நரசிம்மவர்மன் இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு ஆதரவாக இருமுறை படை அனுப்பினான் என்று சூளவம்சம் சொல்கிறது. மூன்று நாள் தூரத்தில் இருக்கும் நாட்டுக்குப் படை அனுப்புவது அரசனால் முடிகிற காரியம். முப்பது நாள் தூரத்துக்கு வேறு வகை ஏற்பாடு வேண்டும். இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன் 720இல் சீனத் தாங் அரசவைக்குத் தூது அனுப்பினான். அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைப்படையும் குதிரைப்படையும் தருவதாகச் சொல்லி, அந்தப் படைக்கு ஒரு பெயர் வேண்டினான். பேரரசர் பெயரும் கொடுத்தார் என்று சீன ஆவணங்கள் கூறுகின்றன. படை கிளம்பவே இல்லை. பயண நாளைக் கணக்கிட்டால் அது கிளம்பியிருக்கவும் முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரசதந்திரத்தில் தூரத்துக்கும் ஒரு பயன் உண்டு. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது யானையும் மணியும் பாரமாக ஏற்றிய கலங்கள் இயங்குவதைச் சொல்கிறார்.

காத்திருப்பின் அளவை எண்ணிக்கையில் காட்டும் ஆவணம் சோழர் காலத்தது. இது மாமல்லபுரத்துத் தூதல்ல; சோழ அரசு அனுப்பியது. கடல் அதே கடல், வழியும் அதே வழி. 1015இல் சோழநாட்டுத் தூதர் குழு ஒன்று, மொத்தம் 52 பேர், சீனத் தலைநகரை அடைந்தது. தட்டில் முத்தும் நீலக் கண்ணாடியும் ஏந்தி அரியணை முன் தூவி வணங்கினர் என்று சோங் வம்ச வரலாறு விவரிக்கிறது. பயண விவரத்தையும் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கிறது. புறப்பட்டு 77 பகலும் இரவும் ஓடி, இலங்கை மலையைக் கடந்து ஒரு நாடு. மேலும் 61 நாள் ஓடி, கடாரப் பக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கூலோ. மேலும் 71 நாளில் ஸ்ரீவிஜயம். பிறகு 18 நாள் ஓடி இன்றைய தென்வியட்நாம் கரை. கடைசியாக 20 நாளில் குவாங்சோ. இந்த ஐந்தையும் கூட்டினால் 247 நாள் வருகிறது. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பிக் குவாங்சோ சேர மொத்தம் 1,150 நாள் ஆயிற்று என்று அதே ஆவணம் முடிக்கிறது.

மீதி 903 நாள், ஏறத்தாழ இரண்டரை ஆண்டு, எங்கே போயிற்று? துறைகளில். காற்று திரும்புவதற்காக, கலம் பழுது பார்ப்பதற்காக, அடுத்த கலம் கிடைப்பதற்காக, உள்ளூர் அரசனின் அனுமதிக்காக. பயண காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டம்; நான்கு பங்கு நிறுத்தம். பின்னோக்கிக் கணக்கிட்டால் தூதர்கள் 1012ஆம் ஆண்டு நடுவில் கிளம்பியிருக்க வேண்டும். அப்போது அரியணையில் இருந்தவர் முதலாம் ராஜராஜன். அவர் 1014இல் மறைந்தார். தூதர்கள் சீனப் பேரரசர் முன் நின்று தங்கள் மன்னரின் மடலை நீட்டியபோது, அந்த மன்னர் உயிரோடு இல்லை. நாட்டை ஆண்டவர் ராஜேந்திரன். செய்தி பயணிக்கும் வேகமும் கப்பல் பயணிக்கும் வேகமும் ஒன்றாக இருந்த காலத்தில் இது யாருடைய குற்றமும் அல்ல. பத்தாண்டு கழித்து 1025இல் அதே ராஜேந்திரனின் கடற்படை நக்கவாரம், கடாரம், ஸ்ரீவிஜயம் என்று இதே துறைகளின் வரிசையைத் தாக்கியது. அவன் மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்ப் பட்டியலைத் தூதர்களின் வழிப்பட்டியலோடு வைத்துப் பார்த்தால், காத்திருக்க வேண்டிய இடங்களில் யார் கை ஓங்கியிருக்க வேண்டும் என்ற கேள்வியே போரின் பின்னணியில் இருந்ததாகத் தோன்றுகிறது. வரலாற்றாளர் பலர் இந்தப் போரை வணிகப் போட்டியோடு இணைத்துப் பேசுவதற்கும் இதுவே காரணம்.

ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்த இடங்களில் குளமும் கோயிலும் காவலும் எழுந்தன. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை நாங்கூர் உடையான் ஒருவன் வெட்டியதையும் அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விடப்பட்டதையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். போகிற போக்கில் கரையிறங்கும் வணிகன் குளம் வெட்ட மாட்டான். ஒரு கோடை முழுவதும் தங்க வேண்டியவனே வெட்டுவான். சுமத்திராவின் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிக்கிறது. இன்னும் கிழக்கே, சீனத்தின் சுவான்சோவில், 1281இல் பொறித்த தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டு அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்கிறது. பயண நேரம் நான்கு மணியாக இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் எழுந்திருக்காது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையின் கிழக்குப் போக்குவரத்து ஐரோப்பியக் கம்பெனிகளின் கைக்கு மாறத் தொடங்கியது. டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் துணிக் கிடங்கும் பின்னர் கோட்டையும் அமைத்தார்கள். அந்தச் செங்கல் கோட்டையும் அதற்குள்ளே செதுக்கல் மிகுந்த கல்லறைகளும் இன்றும் உள்ளன. அவர்களுக்கு வேண்டியது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். அவை விளையும் தீவுகளில் அதற்கு ஈடாக விலைபோனது சோழமண்டலத்துத் துணி. அதனால் செங்கல்பட்டுச் சீமையின் தறிகளில் வேலை எப்போது மும்முரமாகும் என்பதையும் ஜாவாவின் படேவியாவுக்குக் கப்பல் கிளம்பும் பருவமே முடிவு செய்தது. துணி பருவத்துக்குள் வெளுத்து, மூட்டை கட்டி, கரைக்கு வராவிட்டால் கப்பல் காத்திருக்காது. முதலீடு ஓராண்டு முடங்கும். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் வழக்கம் வலுத்ததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில காலம் கடை விரித்தது. 1752இல் கிளைவ் அங்கிருந்த கோட்டையைப் பிடித்து இடித்தார். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயக் கடற்படையும் சஃப்ரேனின் பிரெஞ்சுக் கடற்படையும் மோதின. கப்பல் கட்டும் கலை இத்தனை வளர்ந்தும், ஐரோப்பியக் கலங்களும் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டே நடந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அட்டவணை அப்படியே நின்றது. மாலுமிகள் மாமல்லபுரத்தை ஏழு கோயில் என்று தங்கள் வரைபடங்களில் குறித்துக்கொண்டார்கள். துறை செத்துப்போன பிறகும் அது அடையாளமாக உயிரோடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவர் குன்றுக் கோயிலின் கூரை மீதே விளக்கு ஏற்றப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்தில் தனிக் கலங்கரை விளக்கம் எழுந்தது.

காற்றின் பிடியை உடைத்தது நீராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று குறித்த நாளில் கிளம்பிக் குறித்த நாளில் சேரத் தொடங்கின. மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பல் 1,600 மைலை ஐந்தரை நாளில் கடந்துவிடும். இடைத்துறைகளில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வாரம். 903 நாள் காத்திருப்பு என்பதே இல்லாமல் போயிற்று. ஓட்டமோ 247 நாளிலிருந்து ஏழாயிற்று. இந்த ஒப்பீட்டில் ஒரு சிறு அநியாயம் உண்டு: தூதர்கள் போனது குவாங்சோ வரை. ஆனாலும் வேகத்தைவிடக் காத்திருப்பின் ஒழிவே பெரிய லாபம் என்பது மாறாது.

எல்லாருக்கும் அந்த லாபம் ஒரே அளவில் கிட்டவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட தமிழ் மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. கங்காணி ஊரில் வந்து ஆள் சேர்ப்பார். 1907க்குப் பின் தோட்ட முதலாளிகள் செலுத்திய நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஊரிலிருந்து நேரே கப்பலுக்குப் போய்விட முடியாது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் பரிசோதனைக்கும் கப்பலுக்கும் காத்திருக்க வேண்டும். கப்பலில் மேல்தட்டு, பாயும் பாத்திரமும் சொந்தம். பினாங்கை நெருங்கியதும் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடை முகாம். அம்மையோ காலராவோ கப்பலில் ஒருவருக்கு இருந்தாலும் அங்கே நாள்கள் நீளும். முதல் வகுப்புப் பயணி ஏழு நாளில் சிங்கப்பூர்த் தெருவில் நடந்தான். அதே கப்பலின் மேல்தட்டுப் பயணிக்கு இரண்டு முகாம்களையும் சேர்த்தால் பயணம் இரண்டு மூன்று மடங்காகும். காற்றிடமிருந்து விடுபட்ட காத்திருப்பு அரசாங்க முத்திரையிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 1938இல் இந்திய அரசு கூலியாள்களை உதவிப் பணத்தில் அனுப்புவதைத் தடைசெய்தது.

இந்த வழியில் நெடுங்காலம் ஓடி, பெயர் ஊரறிந்த கப்பல் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் மேல்தட்டில் ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தப்பி, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதற்குப் பிறகு இந்தியக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் அந்த இடத்தைப் பிடித்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் பெருந்தீ மூண்டு உயிர்கள் பலியாயின. பயணிகள் சேவை அத்தோடு நின்றது. அதன் பின் தமிழ்க் கரையிலிருந்து மலாக்கா நீரிணைக்குக் கப்பலேறிப் போகும் வழக்கமே அற்றுப்போயிற்று.

ஆகாய வழி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே திறந்திருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். விசைச்சுழலி விமானங்களின் காலத்தில் சென்னை–சிங்கப்பூர்ப் பயணம் ஒரு பகலையோ இரவையோ விழுங்கியது. ஜெட் வந்தபின் நான்கு மணி நேரத்தில் நிலைத்தது. அரை நூற்றாண்டாக இந்த நேரம் குறையவில்லை. 2,900 கிலோமீட்டரை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் மூன்றரை மணிக்கும் குறைவு. ஓடுதளத்தில் நகர்வதும் ஏறுவதும் இறங்குவதும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. கோலாலம்பூருக்கு நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு அல்லது கூடுதல். கொழும்புக்கு ஒன்றேகால் மணிக்கு மேல். சுவான்சாங் காலத்தில் மூன்று நாள் எடுத்த கடலுக்கு அக்கரையில் 2019இல் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் மறுபடி திறந்து, சென்னையிலிருந்து சிறு விமானம் பறக்கத் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடிற்று.

காற்று முற்றிலும் விலகிவிடவும் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல்மட்டத்தில் காற்று கிழக்கு நோக்கி ஓடும்போது, தீபகற்ப இந்தியாவின் மேலே மிக உயரத்தில் அதற்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்றோட்டம் பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரை எனப்படும் இதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆடி மாதத்தில் பல்லவர் கலத்தைக் கிழக்கே தள்ளிய பருவம், அதே ஆடியில் சிங்கப்பூருக்குப் பறக்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று தருகிறது. திரும்பும் விமானத்துக்கு உதவுகிறது. வித்தியாசம் சில நிமிடங்கள்தான். அட்டவணை போடுகிறவர் அதையும் கணக்கில் வைக்கிறார். கடிகாரக் கணக்கு தனி: சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். நள்ளிரவில் ஏறியவர் நான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது அங்கே காலை ஆறரை.

விமான நிலையம் அமைந்த திரிசூலம் 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 11, 12 நாள்களில், மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, தமிழகத்துக்கும் சுவான்சோ அமைந்த ஃபூஜியான் மாகாணத்துக்கும் இடையிலான பழைய தொடர்பு பேச்சில் இடம்பெற்றது. அதிபர் பெய்ஜிங்கிலிருந்து சென்னைக்குப் பறந்து, கடற்கரைச் சாலையில் காரில் மாமல்லபுரம் வந்தார்.

இன்று மாமல்லபுரத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்குக் காத்திருப்பு இல்லை என்று சொல்ல முடியாது. திரிசூலம் வரை சுமார் 50 கிலோமீட்டர். நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். இறங்கியபின் குடிவரவு வரிசை, பெட்டி. வாசலிலிருந்து வாசல் வரை பத்து மணி என்றால் பறப்பது நான்கு. சோழத் தூதரின் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் இன்று ஐந்தில் இரண்டு பங்காக உயர்ந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. நிலம் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். அது கட்டப்பட்டால் பறக்கும் நேரம் மாறாது. மாமல்லபுரத்துப் பயணிக்குத் தரைவழி இன்னும் சற்று நீளும்.